திறந்து பார்க்காமல் வாங்கிய கிதார்

செவ்லியெவோ ஊரில் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கும் ரங்கெலுக்கு, ஐம்பது வயது தாண்டும்வரை ஒரே ஒரு விஷயத்தில் மனம் நிறைவாக இருந்தது. அவனுக்குக் கிதார் வாசிக்கத் தெரியும். அவனுடைய சகலை ஸ்தாமெனுக்குத் தெரியாது.

மற்ற எல்லாவற்றிலும் ஸ்தாமென்தான் முந்தி. இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். மூத்தவள் வெஸ்காவை ரங்கெலும் இளையவள் தான்காவை ஸ்தாமெனும். இரண்டு மருமகன்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அளந்து பார்ப்பதை மாமியார் நிக்கொலினா தன் கடமையாகவே வைத்திருந்தாள். ஸ்தாமென் ஜெர்மனிக்குச் சரக்கு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் அவன் ஊரில் இருப்பதில்லை. ஆனாலும் தெருவில் முதலில் பழுப்பது அவன் தோட்டத்துத் தக்காளிதான். அவன் காய்ச்சும் ரக்கியாவை, அந்த பிளம் பழச் சாராயத்தை, எவ்வளவு குடித்தாலும் மறுநாள் தலை வலிக்காது. பெரிய குரல், தாராளமான கை, அதற்கேற்ற தொந்தி. ஒரு கதையைச் சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பான். அது நாகரிகமில்லை என்று ரங்கெல் நினைத்து முடிப்பதற்குள் மேஜையைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் சிரித்து முடித்திருப்பார்கள்.

ஆனால் அந்த மேஜையிலேயே, சாப்பாடு முடிந்து மிச்சம் மீதி கிண்ணங்கள் ஒதுக்கப்பட்ட பிறகு, யாராவது ஒருவர் “ரங்கெல், கிதாரை எடு” என்பார். அப்போது ஸ்தாமென் வாயை மூடிக்கொண்டு கேட்பான். ரங்கெலின் நாள் அங்கேதான் தொடங்கும்.

அவன் கிதார் கற்றது பள்ளியில். ராணுவ சேவைக் காலத்தை ஸ்லிவென் முகாமின் இசைக்குழுவில் கழித்தான். பிறகு சில கோடைகளில் ஒரு குழுவோடு கடற்கரை உணவகம் ஒன்றில் வாசித்தான். காலம் மாறியபோது அந்தக் குழு கலைந்தது, உணவகமும் மூடியது. ஊருக்குத் திரும்பித் தண்ணீர் வாரியத்தில் சேர்ந்தான். மேடையும் அரங்கமும் கொண்ட ஊர் வாசகசாலையின் இசைக்குழு மட்டும் மிஞ்சியது. பள்ளி இறுதி விருந்துகளுக்கும் கிராமத் திருவிழாக்களுக்கும் அந்தக் குழுதான் போகும். அதில் ரங்கெலின் கையிலிருந்தது கஸான்லக்கில் செய்த பழைய எலெக்ட்ரிக் கிதார். கதவுப் பலகை போலக் கனக்கும். மூன்றாவது தந்தியின் முறுக்காணி வழுக்கிக்கொண்டே இருக்கும். அதில் அவன் நூல் சுற்றி வைத்திருந்தான். பாட்டின் நடுவில் சுருதி இறங்கினால் இடதுகை விரலால் தந்தியைக் கொஞ்சம் மேலே தள்ளி ஈடுகட்டுவான். கேட்பவர்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

அந்த வருஷம் வசந்தத்தில் லைலாக் பூத்த சமயத்தில், பழைய பொருள்கள் விற்கும் இணையதளத்தில் ஒரு சிவப்புக் கிதாரைப் பார்த்தான். ஜப்பானில் செய்தது, எண்பதுகளின் சரக்கு. சிவப்பு என்றால் தீயணைப்பு வண்டிச் சிவப்பு அல்ல. மரத்திலேயே கனிந்து போன செர்ரியின் நிறம். விளிம்பில் ஓரிடத்தில் வார்னிஷ் உதிர்ந்திருந்தது. விற்பவர் தோப்ரிச் நகரத்துக்காரர். ரங்கெல் அந்த விளம்பரத்தின் ஓரத்திலிருந்த இதயக் குறியை அழுத்தித் தன் விருப்பப் பட்டியலில் சேர்த்தான். தினமும் சாப்பிட்ட பிறகு ஃபோனைத் திறந்து அது இன்னும் விற்கவில்லையே என்று பார்த்துக்கொள்வான். ‘இன்னும் இருக்கிறதா?’ என்று ஒருமுறை எழுதிக் கேட்டான். ‘இருக்கிறது’ என்று பதில் வந்தது. மறுபடி கேட்டான். மறுபடியும் இருந்தது. வாங்குகிறேன் என்று மட்டும் எழுதவில்லை. கூரை ஒழுகியது, அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான். ஊரில் வேறு யாருக்கு அப்படியொரு பொருள் தேவைப்படப்போகிறது?

தெரு முழுக்கச் சிவப்பு மிளகாய் சுடும் வாசனை வீசும் செப்டம்பரில் ஸ்தாமென் ஃபோன் செய்தான்.

“சகலை, ஒரு உதவி. நெட்டுல கிதார் ஒண்ணு ஆர்டர் பண்ணியிருக்கேன். எனக்குத்தான். லாரியில உக்காந்து உக்காந்து முதுகு போச்சு, மனசுக்கு ஏதாவது வேணும்னு தான்கா சொல்றா. நாளைக்குக் கூரியர் ஆபீசுக்கு வந்துடும். நீ வந்து பாரு. நீ நல்லாருக்குன்னு சொன்னா எடுத்துக்கறேன், இல்லேன்னா திருப்பிடலாம்.”

என்ன கிதார் என்று ரங்கெல் கேட்டான்.

“சிவப்பு.”

“சிவப்புன்னா?”

“சிவப்புன்னா சிவப்புதான். பாத்தேன், கலர் பிடிச்சுப் போச்சு.”

பேச்சு முடிந்ததும் ரங்கெல் ஃபோனில் இணையதளத்தைத் திறந்தான். அவனுடைய விருப்பப் பட்டியலில் அந்த ஒரே விளம்பரத்தின் மேல் சாம்பல் நிறம் படிந்து, ‘விற்பனைக்கு இல்லை’ என்று இருந்தது.

தான் இரவெல்லாம் அந்தக் கிதாரையே பார்த்துக்கொண்டிருந்ததை வெஸ்கா தங்கையிடம் சொல்லியிருப்பாள், தங்கை புருஷனிடம் சொல்லியிருப்பாள் என்று ஒரு கணக்குப் போட்டான். கேட்டதற்கு வெஸ்கா, தான் எதையும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது என்றாள். அது இன்னும் கசந்தது. ஸ்தாமென் திட்டமிட்டுப் பறித்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். அவன் சும்மா ‘கிதார்’ என்று தட்டியிருக்கிறான். முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டிருக்கிறான். தக்காளி பழுப்பது போலத்தான் இதுவும்.

கூரியர் ஆபீஸ் சந்தைக்கு எதிரே இருந்தது. பொருளைப் பிரித்துப் பார்த்து, சோதித்துப் பார்த்து, பிடித்தால் பணம் கட்டலாம். பிடிக்காவிட்டால் அங்கேயே மறுபடி கட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். அதனால் அந்தச் சின்ன அறை எந்த நேரமும் ஒரு பட்டறை போலத்தான் இருக்கும். அன்றைக்கு ஒரு பெண்மணி புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு கல்லாவுக்கும் கதவுக்கும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் வீட்டிலிருந்து மரக்கட்டை கொண்டுவந்து மின்சாரத் துளைப்பானால் அதில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கல்லாவில் இருந்த கலினா, மரத்தூளை நீங்களே கூட்டிவிட்டுப் போக வேண்டும் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஸ்தாமென் பேட்டரியில் ஓடும் புது ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் கையோடு கொண்டு வந்திருந்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் அவன் ஒதுங்கி நின்றுகொண்டான். “தொடு சகலை. எனக்குத் தொடவே பயமாருக்கு.”

ரங்கெல் கிதாரைத் தூக்கினான். ஃபோட்டோவில் பார்த்ததைவிட லேசாக இருந்தது. அடிப்பாகத்தைத் தாடைக்குக் கீழே வைத்து, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி பிடிப்பது போலக் கழுத்தின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டினான். கழுத்து நேராக இருந்தது. இத்தனை வருஷமான மரம் இவ்வளவு நேராக இருந்து அவன் பார்த்ததில்லை. சுருதி சேர்த்து, ஒயரைச் செருகி, பள்ளி விருந்துகளில் கடைசியாக வாசிக்கும் மெதுவான பாட்டைத் தொடங்கினான்.

தந்தி தானாக விரலுக்குக் கீழே வந்து நின்றது. எதையும் மேலே தள்ளி ஈடுகட்ட வேண்டியிருக்கவில்லை. துளைப்பான் நின்றது. பூட்ஸ்காரி ஒரு காலில் புதுசும் ஒரு காலில் பழசுமாக நின்றுவிட்டாள். கலினா முத்திரைக் கட்டையைத் தூக்கிப் பிடித்தபடி குத்தாமல் இருந்தாள். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது ரங்கெல் முதலில் பார்த்தது ஸ்தாமெனைத்தான். அவன் முகம் மலர்ந்து, தன்னுடைய கிதாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே தன்னுடையது என்ற பார்வை. அந்தத் தொந்தியின் மேல் அது தொங்கப்போவதையும், கராஜில் டயர்களுக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவே சாத்தி வைக்கப்படுவதையும், அடுத்த விருந்தில் யாரோ “ஸ்தாமென், கிதாரை எடு” என்று சொல்லப்போவதையும் ரங்கெல் ஒருசேரக் கண்டான்.

“கழுத்து கோணியிருக்கு” என்றான்.

“கோணலா? நல்லா கேட்டுதே?”

“இப்ப நல்லாத்தான் கேக்கும். பழைய மரம். ஒரு குளிர்காலம் போகட்டும், அப்புறம் விறகுக்குத்தான் ஆகும்.”

ஸ்தாமென் தானும் ஒருமுறை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. சகலையின் தோளைத் தட்டினான். கல்லாப் பக்கம் திரும்பினான். “கலினா, கட்டிடும்மா. ஆள் தெரிஞ்சவன் சொல்லிட்டான்.” வெளியே வந்து காப்பியும் வாங்கிக் கொடுத்தான். அந்தக் காப்பியைக் குடித்து முடிக்க ரங்கெலுக்கு நேரம் பிடித்தது.

விளம்பரம் மறுபடி உயிர் பெற்றதைப் பார்த்த மாலையே ரங்கெல் ஆர்டர் செய்தான். கூரை அப்படியே ஒழுகட்டும் என்று விட்டான். உள்ளூர் ஆபீசுக்கு வரவழைத்தால் கலினாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் பக்கத்து நகரமான காப்ரொவோ ஆபீசுக்கு அனுப்பச் சொன்னான். அங்கேயும் செவ்லியெவோக்காரர்கள் வந்துபோகிறவர்கள். கல்லாவில் பெட்டியைப் பிரித்து நின்றால் யார் கண்ணிலாவது படும். ‘பிரித்துப் பார்க்கத் தேவையில்லை, நேராகப் பணம் கட்டி எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதினான். ஒரு ஜோடி காலுறையைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் அந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை என்பது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, நிலவறையில் முட்டைக்கோஸ் பீப்பாய்களுக்குப் பின்னால் அதை வைத்தான். வெஸ்காவிடம் தண்ணீர்க் குழாய் என்று சொன்னான். குழாய்க்குக் கம்பளி எதற்கு என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் தெரிந்தது, தன்னிடம் இருப்பது வாசிக்க முடியாத கிதார் என்று. வாசகசாலைக்கு எடுத்துப் போக முடியாது. ஸ்தாமென் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான். மாமியார் வீட்டுக்கு முடியவே முடியாது. நிலவறையில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் தெருவுக்குக் கேட்கும். மின்சாரம் இல்லாத எலெக்ட்ரிக் கிதாரோ கொசு பாடுவது போலத்தான் ஒலிக்கும். புளிக்கப் போட்ட முட்டைக்கோஸின் தண்ணீரை நாள்தோறும் வடித்து மேலே ஊற்ற வேண்டுமில்லையா, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ரங்கெல் முன்வந்தான். கல்யாணமான நாள் முதல் அதைச் செய்யாத மனிதன். கீழே போய், தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, காதைக் கிதாரின் மரத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசிப்பான். அந்த வருஷம் முட்டைக்கோஸ் அபாரமாகப் புளித்தது. கிதாரிலும் அந்த வாசனை ஏறியது.

டிசம்பரில் புனித நிக்கொலாய் திருநாள் வந்தது. அந்தப் புனிதரின் பெயரை வைத்திருந்த மாமியாருக்கு அது பெயர்நாள். அழைக்காமலே எல்லாரும் வந்தார்கள். வால்நட் அடைத்துச் சுட்ட கெண்டை மீனை அறுத்து, நல்ல துண்டை நிக்கொலினா ஸ்தாமெனின் தட்டில் வைத்தாள். “லாரியில கண்ட கண்டதையும் சாப்பிடற புள்ள” என்றாள். ரங்கெலைப் பார்த்து, “மாப்ளே, வெஸ்கா கொண்டாந்த முட்டைக்கோஸ் இந்த வருஷம் பிரமாதம். யார் கைபக்குவம்?” என்று கேட்டாள். வெஸ்கா புருஷனைக் காட்டினாள். அவன் காது சிவந்தது.

ஸ்தாமென் கிளாஸோடு எழுந்தான். கூரியர் ஆபீஸ் கதையைச் சொன்னான்: கலர் பார்த்து மயங்கிப் போனேன், எல்லாரும் அசந்து நின்றார்கள், என் சகலை மட்டும் ஒரு கண்ணை மூடி ஒரே பார்வையில் கோணலைப் பிடித்துவிட்டான். சொல்லும்போது ஒரு கண்ணை மூடிக் காட்டினான். எல்லாரும் ரங்கெலின் உடல்நலத்துக்குக் குடித்தார்கள். ரங்கெலும் குடித்தான். அத்தனை பேர் நடுவில் தன்னைப் புகழக்கூட ஸ்தாமெனால்தான் முடிகிறது என்று நினைத்துக்கொண்டான்.

புத்தாண்டு நடனத்தின் நடுவில் பழைய கிதாரின் முறுக்காணி முழுசாகக் கழன்றது. மிச்சப் பாட்டை ஒரு தந்தி இல்லாமல் ஒப்பேற்றினான். இறங்கி வரும்போது ஸ்தாமென் வழியில் நின்றான். “இதைத் தூக்கிப் போடு சகலை. நெட்டுல நல்லதா ஒண்ணு வாங்கு. கழுத்தை மட்டும் பாத்துக்கோ.” அந்த நேரத்தில் ரங்கெல் அதை நல்ல மனசோடு சொன்ன பேச்சாகவே எடுத்துக்கொண்டான். எரிச்சல் அதனால்தான் அதிகமாயிற்று.

மார்ச்சில், வெஸ்கா தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், ரங்கெலால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஸ்தாமென் அன்று விடியற்காலையில் ஸ்டுட்கார்ட்டுக்குக் கிளம்புவான் என்று தான்கா முந்தின நாள் சொல்லியிருந்தாள். வாசகசாலையின் ஆம்ப்ளிஃபயரைக் கைவண்டியில் வைத்துக் கொண்டுவந்து நிலவறையில் இறக்கினான். ஒயரைச் செருகினான். முதல் சுரத்திலேயே அலமாரி ஜாடிகள் அதிர்ந்தன. கூரியர் ஆபீசில் வாசித்த அதே மெதுவான பாட்டை வாசித்தான். பிறகு கடற்கரைக் காலத்துப் பாட்டுகள். பிறகு தனக்கே மறந்துபோயிருந்தவை. பக்கத்து வீட்டில் கம்பளம் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது அவனுக்குக் கேட்கவில்லை. தெருக்கதவு திறந்ததும் கேட்கவில்லை.

நிமிர்ந்தபோது நிலவறைப் படியின் மேல்முனையில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஸ்தாமெனின் தொந்தி நின்றது. லாரியின் பிரேக் பழுதாகிக் கிளம்பாமலே இருந்திருக்கிறான்.

“சகலை” என்றான். “கழுத்து நேராயிடுச்சா?”

ரங்கெலின் கை தந்தியின் மேலேயே இருந்தது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

ஸ்தாமென் இறங்கி வந்து பீப்பாய் ஓரத்தில் சாய்ந்துகொண்டான். தோப்ரிச்காரர் அக்டோபரிலேயே ஃபோன் செய்துவிட்டாராம். கோணல் என்று திருப்பி அனுப்பினீர்களே, தளத்தில் ஊர் செவ்லியெவோ என்று போட்டிருக்கும் உங்கள் ஊர்க்காரர் ஒருவரே வாங்கிவிட்டார், லைலாக் பூத்த காலத்திலிருந்து இருக்கிறதா இருக்கிறதா என்று எழுதிக் கேட்டவர், ரங்கெல் என்று பெயர் என்றாராம். கோபத்தோடுதான் பேசினாராம். தன் சரக்கில் குறையில்லை என்பதற்கு அவரிடம் ஒரே சாட்சி இருந்தது: அந்த ஆள் பிரித்துப் பார்க்கணும் என்றுகூடக் கேட்கவில்லை.

“பிரிக்காம வாங்கினான்னதும் எனக்குப் புரிஞ்சு போச்சு” என்றான் ஸ்தாமென். “முன்னாடியே பாத்தவன்தான் அப்படி வாங்குவான்.”

“அப்ப அன்னிக்கு அத்தை வீட்டுல...”

“ஆமா.”

“புத்தாண்டுக்கும்?”

“அதுவும்தான். நீ இதை எப்பதான் வெளிய எடுப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். குளிர்காலம் பூரா முட்டைக்கோஸ்கூட உக்காந்திருந்தியாமே, வெஸ்கா சொன்னா.”

வெஸ்காவுக்கும் தெரிந்திருக்கிறது. ரங்கெல் வாளியில் உட்கார்ந்தபடியே இருந்தான். ஸ்தாமென் கத்த வேண்டும், தன் சட்டையைப் பிடிக்க வேண்டும், கிதாரைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று விரும்பினான். அப்படிச் செய்தால் இரண்டு பேரும் சமமாகிவிடலாம். கிதாரை நீட்டினான். “எடுத்துக்கோ. இது உன்னோடது.”

“சும்மா எடுத்துக்க முடியுமா? பாத்துத்தானே வாங்கணும்.”

ஸ்தாமென் கிதாரை வாங்கினான். அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டிய கையில் தலைப்பாகத்தைப் பிடித்தான். தாடைக்குக் கீழே வைத்து, ஒரு கண்ணை மூடி, தப்பான முனையிலிருந்து நெடுநேரம் பார்த்தான். முகத்தில் கடுமை. பிறகு முகர்ந்தும் பார்த்தான்.

“கோணல்” என்றான். “எனக்கு வேணாம்.”

அதை ரங்கெலின் மடியில் திரும்ப வைத்தான். பீப்பாயின் மூடியைத் தூக்கி ஒரு முட்டைக்கோஸ் இலையைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டான். தான்காவின் பிறந்தநாள் வருகிறது, இதைத்தான் கொண்டுவர வேண்டும், அந்தக் கதவுப் பலகையை அல்ல என்றான். கராஜில் ஆம்ப்ளிஃபயர் சும்மா கிடக்கிறது, அதன்மேல்தான் தேன் ஜாடி வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்றான். மென்றுகொண்டே படியேறிப் போய்விட்டான். மேலே தெருவில் அவன் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்வதும், அவள் சிரிப்பதும் கேட்டன.

ரங்கெல் கிதாரோடு இருந்தான். இப்போது அது யாருக்கும் பயப்படாமல் வாசிக்கக்கூடிய கிதார். ஆனால் அவன் மனம் கிதாரில் நிற்கவில்லை. இலையுதிர் காலத்திலிருந்து மார்ச்வரை ஒரு ஆள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, மீன் தின்று, கிளாஸ் தூக்கி, லாரி ஓட்டி, நன்றாகத் தூங்கியும் இருக்கிறான். ரங்கெலோ அதே காலத்தை வாளியின் மேல் கழித்திருந்தான். அந்த லேசான மனசு எங்கே விற்கிறது, எந்த இணையதளத்தில் தேடுவது என்று பொறாமையோடு நினைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிதாரைத் தாடைக்குக் கீழே வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். நேராகத்தான் இருந்தது. மறுபடியும் பார்த்தான்.

இன்றும் செவ்லியெவோ வாசகசாலை மேடையில் சிவப்புக் கிதாரோடுதான் ரங்கெல் நிற்கிறான். முட்டைக்கோஸ் வாசனை போய்விட்டது. தொடங்குவதற்கு முன்னால் கழுத்தை ஒருமுறை அப்படிப் பார்க்காமல் அவனால் வாசிக்க முடிவதில்லை. அது பெரிய வித்துவானின் பழக்கம் என்று ஊரில் நினைக்கிறார்கள். பார்த்துவிட்டு அவன் நிமிரும்போது முதல் வரிசையில் ஸ்தாமென் உட்கார்ந்திருப்பான். அவனும் ஒரு கண்ணை மூடியிருப்பான். பாட்டு முடிந்ததும் கைதட்டல் அவனிடமிருந்துதான் தொடங்கும். அரங்கம் முழுவதும் அவனைப் பின்பற்றித் தட்டும்.